கேறிக்கோ

குப்பண்ணன் தன் ஆயில் எஞ்சினைச் சுரங்கக் குழிக்குள் இறக்கப் போகிறார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே நஞ்சப்பன் முதலமடைத் தபாலாபீசுக்குப் போய் ஒரு கார்டு வாங்கினான். எழுத்துக் கூட்டி எழுதி முடிப்பதற்குள் மனுசனுக்குச் சட்டையெல்லாம் வேர்த்துப் போச்சு. மூக்கம்மாள், மூணாவது லயம், ஏலப்பாறை என்று விலாசம். சேதி ரெண்டே வரி. குழித் தண்ணியை இறைக்கப் போறாங்க. வந்தீங்கன்னா நல்லது.

நாலு வருசத்துக்கு முந்தி, எழுபத்திரண்டில், அந்தப் பொம்பளை அவனிடம் கேட்டுவிட்டுப் போனது அது ஒன்றைத்தான். "என்னைக்காச்சும் தண்ணி வத்துச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லி விடுங்கண்ணே. எலும்பையாச்சும் எடுத்துட்டுப் போயி எங்க மண்ணுல வைக்கேன்." அவள் புருசன் நல்லமுத்து அந்தக் குழிக்குள்தான் கிடந்தான். செத்தவனை எடுக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. தண்ணிக்கடியில் அப்படியே விட்டுவிட்டுக் கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது.

சுரங்கம் என்றதும் தங்கம் வைரம் என்று கற்பனை பண்ணிவிட வேண்டாம். வெறும் கல்லு. கம்பெனிக்காரர்கள் அதை புளூரைட் என்பார்கள். ஊர்ப் பொம்பளைகள் வைத்த பேர் கத்திரிக்கல், கத்திரிக்காய் நிறத்தில் இருப்பதால். எல்லாம் அந்த நிறம் என்றும் இல்லை. பச்சையும் வரும், நிறமே இல்லாமல் கண்ணாடி மாதிரியும் வரும். தானாக விளைந்த கட்டிகள் பகடைக்காய் மாதிரி சதுரம் சதுரமாக இருக்கும். இரும்பு உருக்குகிற உலையில் இதை அள்ளிப் போட்டால் கசடெல்லாம் கஞ்சியாக இளகி ஓடிவிடுமாம். அதுக்காக லாரி லாரியாக வடக்கே போச்சு. குழிவாயில் வரிசையாக உட்கார்ந்து கல் பொறுக்குகிற பெண்கள் கையில் எடுத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். கூடவே வருகிற வெள்ளைக்கல் கனமிருக்காது, அது அந்தப் பக்கம். கனத்தது இந்தப் பக்கம். மேனேஜர் மட்டும் யாரையும் நம்ப மாட்டார். பொடியைப் பழுக்கக் காய்ந்த தகட்டில் தூவி, கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுப் பார்ப்பார். இருட்டில் நீலமாக ஒளி விட்டால் சரி என்பார்.

அந்தக் கல் பாறைக்கு நடுவே கொடி மாதிரி ஓடும். ஒரு முழ அகலத்தில் போகும், நூல் மாதிரி மெலியும், இனி அவ்வளவுதான் என்று நினைக்கும்போது ரெண்டு முழமாகப் பெருகும். கொடி போன வழியே ஆட்களும் போனார்கள். நேர் கீழே நூறு அடிக்குக் குழி. ஐம்பதடி ஆழத்தில் ஒரு தட்டு, தொண்ணூறடியில் இன்னொரு தட்டு. தட்டு என்பது கொடியைத் தொடர்ந்து பக்கவாட்டில் குடைந்துகொண்டு போகிற பாதை. ஏறி இறங்க மர ஏணி, கல்லை இழுக்கக் கப்பியும் இரும்புத் தொட்டியும்.

நஞ்சப்பன் குழிவாய் ஆள். வெடி வைக்கிற நாளில் அவன்தான் அங்கே ராஜா. கீழே எத்தனை வெடிக்குழி போட்டு மருந்து கெட்டித்தார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அவன் மேலே நின்று காது கொடுத்து எண்ணுவான். அஞ்சு திரி பற்ற வைத்தால் அஞ்சு சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் மணிக்கயிற்றை ஒரு தடவை இழுப்பான், உள்ளே போகலாம் என்று அர்த்தம். ஒன்று குறைந்தால் ரெண்டு தடவை. வெடிக்காதது ஒன்று உள்ளே காத்துக்கொண்டு கிடக்கிறது, ஏறி ஓடி வந்துவிடு என்று அர்த்தம். கீழே ஒதுங்கி நிற்கிறவனுக்குக் காதடைத்துப் போயிருக்கும், எண்ண முடியாது. அவன் உயிர் மேலே நிற்கிறவன் காதில் இருந்தது.

நஞ்சப்பனுக்கு மலையாளம் வரும் என்பதில் ஒரு மிதப்பு வேறே. அந்த எல்லையோரத்தில் மலையாளம் வராதவன் யார், எல்லாருக்கும்தான் வரும். ஆனாலும் மேனேஜரிடம் நேருக்கு நேர் நின்று பேசினவன் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். குழிவாயில் வாய் திறந்தால் மலையாளம்தான். சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் அலட்டல் பேர்வழிதான்.

எழுபத்திரண்டு மாசியில் ரெண்டாவது தட்டில் கொடி திடீரென்று நின்றது. மெலியவில்லை, சாய்வாக இறங்கவில்லை, கத்தியால் வெட்டின மாதிரி நின்றது. எதிரே குறுக்குச் சுவராக ஒரு கறுப்புப் பாறை. கொடி அந்தப் பக்கத்தில் இருக்கிறது, சுவரைத் துளைத்தால் கிடைக்கும் என்றார் மேனேஜர். உள்ளூர் ஆட்கள் மாட்டேன் என்று விட்டார்கள். அவர்கள் கிணறு வெட்டின பரம்பரை. கறுப்புக்கல் குறுக்கே நின்றால் அதற்குப் பின்னால் கல்லு நொறுங்கிக் கிடக்கும், அதற்குள் மலைத்தண்ணி தேங்கி நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாதா? தெரியும். இடுக்கி டேமுக்கு டனல் போட்ட ஆள் ஒருத்தனைக் கொண்டுவந்தார்.

அவன்தான் நல்லமுத்து. தெக்கத்தி ஆள், பிறந்து வளர்ந்தது ஏலப்பாறை எஸ்டேட்டில். டனல் வேலை முடிந்துபோனதால் இங்கே வந்தான். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. சோறு கொண்டுவருகிற தூக்குப்போசியின் மூடியில் ஆணியால் ஒரு மீன் வரைந்து வைத்திருந்தான், அவன் மகளுக்காக வரைந்ததாம். வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மூன்று நாளும் வெடிக்குழி போடுகிற வேலை. நாலாம் நாள் வெடி. முந்தின நாள் சாயங்காலம் கப்பிச் சங்கிலி உரசி மணிக்கயிறு அறுந்துபோனது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒரு நாளைக்குக் குரல் கொடுத்தால் போதும் என்றுவிட்டார் மேனேஜர்.

அஞ்சு திரி. நல்லமுத்துவே பற்ற வைத்துவிட்டு ஏணியடியில் இருக்கிற பொந்தில் ஒதுங்கினான். நஞ்சப்பன் எண்ணினான். ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு. அப்புறம் சத்தமே இல்லை. குழிக்குள் நீளமாகப் பேசினால் எதிரொலியில் நசுங்கிவிடும், ஒற்றைச் சொல்தான் முழுசாக இறங்கும். குனிந்து, கையைக் குவித்து, ஏறி வந்துவிடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினான்.

"கேறிக்கோ!"

கீழே கார்பைடு விளக்கு அசைந்தது. "சரி!" என்று பதில் வந்தது. விளக்கு ஏணியை நோக்கி வரவில்லை. தட்டுக்குள் போனது. நஞ்சப்பன் பதறிப்போய் இன்னும் சத்தமாகக் கத்தினான், "கேறிக்கோ! கேறிக்கோ!" விளக்கு இன்னும் வேகமாக உள்ளே போனது. அஞ்சாவது வெடித்தது. அதற்குப் பின்னால் வந்தது வெடிச்சத்தம் இல்லை, தண்ணிச் சத்தம். பொழுது சாயும்போது முதல் தட்டும் முழுகிவிட்டது. மூன்றாம் நாள் தண்ணி குழிவாய்க்கு நாற்பதடி கீழே வரைக்கும் ஏறி வந்து, அலையாமல் ஆடாமல், என்னவோ அங்கேயே பிறந்து வளர்ந்த மாதிரி நின்றது.

விசாரணைக்கு ஒரு ஆபீசர் வந்தார். நஞ்சப்பன் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னான். ஆபீசர் பேனாவை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மேலே கேறான் அல்லே பறஞ்ஞது?" மேலே ஏறத்தானே சொன்னாய் என்று. ஆமாம் என்றான் நஞ்சப்பன். வேறென்ன சொல்வான், அவன் மனசில் அதுதானே இருந்தது. எச்சரித்தும் சொல்பேச்சு கேளாமல் உள்ளே போனதால் நேர்ந்த மரணம் என்று காகிதம் முடிந்தது. செத்தவன் தப்பு. ஆகவே அவனை எடுக்கிற பொறுப்பும் கம்பெனிக்கு இல்லை. கொடியும் நின்றுபோனதால் கப்பி இழுக்கிற மோட்டாரைக் கழற்றி லாரியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த நாலு வருசமும் நஞ்சப்பன் நிம்மதியாக இல்லை என்றாலும், ஒரு விசயத்தில் தெம்பாக இருந்தான். நான் சொன்னேன், அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிழைத்திருப்பான். பாவம், விதி.

*

எழுபத்தாறில் மழை சுத்தமாகக் கைவிட்டது. குப்பண்ணன் ஆறு ஏக்கரில் மாங்கன்று வைத்திருந்தார். கிணறு பாறை தெரிய வற்றிக் கிடந்தது. கன்றெல்லாம் இலை சுருண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு மனுசர் சோறு இறங்காமல் திரிந்தார். கடைசியில்தான் அவர் கண் சுரங்கக் குழியின் மேல் விழுந்தது. ஊரில் பாதிப் பேர் பிணம் கிடக்கிற தண்ணி என்று முகத்தைச் சுளித்தார்கள். "கன்னுக்குத் தெரியுமாடா அதெல்லாம்?" என்றார் குப்பண்ணன். எஞ்சினை இறக்க ஆள் தேடினபோது நஞ்சப்பன் தானாகப் போய் நின்றான். கூலி வேண்டாம், ஆனால் தண்ணி வற்றுகிற வரைக்கும் எஞ்சினை நிறுத்தக்கூடாது என்றான்.

"நிறுத்தறதா? அது பாட்டுக்கு ஓடட்டும். எனக்குத் தண்ணிதானப்பா வேணும்," என்றார் அவர்.

மூக்கம்மாள் வந்து சேர்ந்தது ஒரு மத்தியான நேரம். மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். கூட எட்டு வயசு மகள் அழகுத்தாய். வெயிலில் கன்றிச் சிவந்து, நஞ்சப்பன் வீட்டு வாசலில் அந்தப் பிள்ளை கூச்சப்பட்டுக்கொண்டு நின்றது. நஞ்சப்பன் பெண்சாதி கமலாத்தாள் உள்ளேயிருந்து வாங்க வாங்க என்று கூப்பிட்டும் நகரவில்லை. நஞ்சப்பன் பானையிலிருந்து செம்பில் தண்ணி மொண்டு கொண்டுவந்தான்.

மூக்கம்மாள் பிள்ளையின் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள். "கேறிக்கோ பிள்ள, கேறிக்கோ. வெயில்ல நிக்காத."

பிள்ளை வாசற்படி தாண்டி உள்ளே போனது.

செம்பு நஞ்சப்பன் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று அவனுக்கே தெரியாது. தண்ணி காலில் பட்ட பிறகுதான் குனிந்து பார்த்தான்.

"இப்ப என்னங்க அம்மிணி சொன்னீங்க?"

"என்னது?"

"புள்ளைகிட்ட."

"உள்ள போன்னு சொன்னேன்." மூக்கம்மாள் லேசாகச் சிரித்தாள். "எங்க பக்கம் அப்படித்தாண்ணே பேசுவோம். வீட்டுக்குள்ள போறதும் கேறுததுதான், பஸ்ஸுக்குள்ள போறதும் கேறுததுதான். அவுக டனல் வேலைக்குப் போனப்புறம் எந்நேரமும் அதே பேச்சு. வெடி முடிஞ்சதும் மேஸ்திரி டனல் வாசல்ல நின்னு கேறிக்கோ கேறிக்கோன்னு கத்துவாராம், எல்லாரும் உள்ள ஓடுவாகளாம். வீட்டுல கதவத் திறந்துவச்சுக்கிட்டு அதே மாதிரி கத்திக் காட்டுவாக. இவ சிரிச்சுக்கிட்டே உள்ள ஓடுவா."

நஞ்சப்பன் பின்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் ஊரில் தென்னை கேறுவார்கள், புளியமரம் கேறுவார்கள். கேறு என்றால் மேலேதான், வேறே திசையே கிடையாது. அந்தச் சொல்லுக்கு உள்ளே போ என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்பது மேனேஜரிடம் மலையாளம் பேசிக் கிழித்த இவனுக்குத் தெரியாமலா போச்சு? தெரியும். மேனேஜர் ஆபீசுக்குள் கேறி வா என்று எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறார்! ஆனால் குழிவாயில் நின்றால் மேலே, கீழே ரெண்டுதான் அவன் புத்தியில் இருந்தது. ஏறி வாடா என்று சொந்தப் பாஷையில் கத்தியிருந்தால் அந்த ஆள் ஏணியில் கால் வைத்திருப்பான். மூன்று தடவை கத்தினோமே. உள்ளே போ, உள்ளே போ என்று துரத்தினது நாமேதானே. அய்யோ, அவன் சரி என்று வேறே சொன்னானே!

கமலாத்தாள் பின்னாலேயே வந்தாள். விசயத்தைச் சொன்னான். அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வாயத் தொறந்தீங்கன்னா நம்ம குடும்பமே தெருவுல நிக்கும். நாலு வருசங் கழிச்சு இதைச் சொல்லி என்ன ஆகப்போவுது? செத்தவரு எந்திரிச்சு வருவாரா?" என்றாள்.

"எலும்பு கெடைக்கட்டும். கையில குடுத்துப்போட்டு அப்பறம் சொல்லிப்போடறேன்," என்றான் நஞ்சப்பன். அதற்குள் தைரியம் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

*

எஞ்சின் ஓட ஆரம்பித்தது. முதலில் முப்பதடியில் குறுக்கே பனங்கட்டை போட்டு அதன்மேல் உட்கார வைத்தார்கள். புகை குழிக்குள்ளேயே சுற்றாமலிருக்க நீளக் குழாய் மாட்டி மேலே கொண்டுவந்தார்கள். ராத்திரி பகல் இல்லாமல் இறைத்ததில் நாலாம் நாள் முதல் தட்டின் வாய் தெரிந்தது. எஞ்சினைக் கயிறு கட்டி அந்தத் தட்டுக்கு இறக்கினார்கள். நஞ்சப்பன்தான் முன்னால் நின்றான். டீசல் ஊற்றினான், பெல்ட்டு நழுவினால் மாட்டினான், வீட்டுக்குப் போகவே இல்லை. அவன் கண்ணெல்லாம் குழிச்சுவரில் இருந்தது. தண்ணி இறங்க இறங்க, ஈரமான ஊதாக் கொடி பாறையில் மேலிருந்து கீழாக வெளியே வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு விட்டது விட்டபடி அப்படியே இருந்தது.

முதல் தட்டில் சேற்றுக்குள் அவன் காலில் ஏதோ இடறியது. தோண்டி எடுத்தான். தூக்குப்போசி. அன்றைக்கு வெடிக்கு இறங்கும்போது நல்லமுத்து சோற்றை அங்கேதான் வைத்துவிட்டுப் போயிருந்தான். மூடியைத் துடைத்தான். மீன் இருந்தது.

அதை மேலே கொண்டுபோய் மூக்கம்மாளிடம் கொடுத்தபோது அவள் அழவில்லை. மூடியைத் திறக்கப் பார்த்தாள். இறுகிப் போயிருந்தது. முந்தானையில் வைத்துக்கொண்டு, "பட்டினியாத்தான் போயிருக்காக," என்றாள். நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி ஏணியில் இறங்கிவிட்டான்.

எழுபத்தஞ்சு அடி. ரெண்டாவது தட்டுக்கு இன்னும் பதினைந்தே அடி. ஏணியின் அடிப்பாகம் தண்ணிக்குள் மங்கலாகத் தெரிந்தது. ஏழாம் நாள் காலையில் நஞ்சப்பன் சுவரில் கரிக்கோடு ஒன்று போட்டான். மத்தியானம் பார்த்தான், தண்ணி கோட்டில் இருந்தது. சாயங்காலம் பார்த்தான், கோட்டிலேயே இருந்தது. மறுநாளும் அதே. எஞ்சின் மூச்சு விடாமல் இறைக்கிறது, குழாய் நிறையத் தண்ணி வாய்க்காலில் பாய்கிறது, கோடு மட்டும் அசையவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கறுப்புச் சுவரில் விழுந்த ஓட்டை வழியாக இறைக்கிற அளவுக்கு மலை கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு எஞ்சின் இல்லை, ஒன்பது எஞ்சின் வைத்தாலும் அந்த ஊரில் ஆகிற காரியம் இல்லை. கிணறு வெட்டுகிறவர்கள் அன்றைக்கே சொன்னது இதைத்தான்.

மேலே வந்தால் அங்கே திருவிழாவாக இருந்தது. தண்ணி குறையவே இல்லை என்ற சேதி ஊருக்குள் போய், குடமும் கையுமாகப் பொம்பளைகள் வந்துவிட்டார்கள். குழாய்வாயில் யாரோ மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். போன வாரம் பிணத்தண்ணி என்று முகத்தைச் சுளித்த அதே கூட்டம். குப்பண்ணன் வாய்க்காலுக்குள் முழங்கால் நனைய நின்றுகொண்டு, "எறைக்க எறைக்க ஊறுது நஞ்சப்பா! இது வத்தவே வத்தாதுடா! இனி ஊருக்குப் பஞ்சமே இல்லை!" என்று சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார். அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? மாங்கன்றுகள் நிமிர்ந்துவிட்டன.

கல் பொறுக்கின பெண்கள் கொட்டிவைத்த வெள்ளைக்கல் குவியலின் மேல் மூக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குப்போசி. குப்பண்ணன் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. நஞ்சப்பன் பக்கத்தில் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வத்தாதாண்ணே?"

"வத்தாதுங்க அம்மிணி."

"அப்ப எடுக்க முடியாது."

"முடியாதுங்க."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு வாய்க்காலில் கால் நனைத்துக்கொண்டிருந்த மகளை ஒரு அதட்டுப் போட்டாள். "எத்தனை மட்டம் சொல்லுதேன், தண்ணிக்குள்ள எறங்காதன்னு! அப்பன் மாதிரியே. சொன்ன சொல் கேக்காத ரத்தம். அவுக கதிதான் ஒனக்கும்."

பிள்ளை பயந்து வெளியே வந்தது. அப்பன் பேர் வந்ததும் முகம் சுருங்குகிற அந்தப் பழக்கம் அதற்கு எப்போதிருந்தோ இருந்திருக்க வேண்டும். நஞ்சப்பன் அந்த முகத்தைப் பார்த்தான். எலும்பு கிடைத்தால் சொல்லலாம் என்று இருந்தானே, இனி எலும்பும் இல்லை.

*

மறுநாள் காலையில் பஸ் ஏற்றிவிட அவனே போனான். கமலாத்தாள் வாசலில் நின்று அவனையே பார்த்தாள். முதலமடை பஸ் நிறுத்தத்தில் மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே மூன்று பேரும் நின்றார்கள். பஸ் வருகிற புழுதி தூரத்தில் தெரிந்தபோதுதான் நஞ்சப்பனுக்கு வாய் திறந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான், போய்விட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை என்று தெரிந்துவிட்டது.

"அம்மிணி, அவரு சொன்ன பேச்சைக் கேக்காம சாவலைங்க. கேட்டுத்தான் செத்தாரு."

மூக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் மேல ஏறி வரச் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டுக் கத்துனனுங்க. ஏறி வான்னு கத்தலை. கேறிக்கோன்னு கத்துனேன். எங்களுக்கு அது ஏறி வர்றது. அவருக்கு அது…" அவனால் முடிக்க முடியவில்லை. "அன்னைக்கு நீங்க புள்ளைய ஊட்டுக்குள்ள போகச் சொன்னீங்கல்ல, அப்பத்தானுங்க எனக்கே தெரிஞ்சுது."

அவள் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. அப்படியே நின்றாள். அடித்திருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் நஞ்சப்பனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். பஸ் வந்து நின்றது. கூடைக்காரர்கள் முண்டியடித்தார்கள்.

"எத்தனை மட்டம் சொன்னீக?" என்று கேட்டாள்.

"மூணு தடவைங்க."

"அவுக ஏதாச்சும் சொன்னாகளா?"

"சரின்னாருங்க."

"மூணு மட்டமும் கேட்டிருக்காக," என்றாள். "நாலு வருசமா அந்த மனுசன ஏசாத நாளில்லண்ணே. ஒரு வெளக்கு ஏத்தல. போட்டோவ எடுத்துப் பொட்டிக்கு அடியில போட்டேன். இந்தப் பிள்ளைய அடிக்கிறப்பல்லாம் அவுக பேரச் சொல்லித்தான அடிச்சேன்." முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கொஞ்சம் தேறினதும், "அந்த ஆபீசுல போயி இதச் சொல்லுவீகளா? அவுக மேல தப்பில்லன்னு எழுதச் சொல்லுவீகளா?" என்று கேட்டாள்.

"சொல்றனுங்க," என்றான் நஞ்சப்பன். எங்கே போய்ச் சொல்வது? கம்பெனிக் கொட்டகையின் தகரத்தைக்கூட எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். அந்த ஆபீசர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. காகிதம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இது அவளுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் அவன் சொல்கிறேன் என்றதும் தலையை ஆட்டினாள்.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு பஸ்ஸின் தகரத்தைப் படபடவென்று தட்டினான். "கேறிக்கோ, கேறிக்கோ! வேகம் கேறிக்கோ!"

அழகுத்தாய் பழக்கத்தில் ஓடிப்போய்ப் படியில் காலை வைத்தாள். மூக்கம்மாள் சட்டென்று அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். ஒரு நிமிசம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன செய்தோம் என்று பிள்ளை பயந்துபோய் அம்மாவைப் பார்த்தது. அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டது.

"ஏறு," என்றாள் மூக்கம்மாள். "ஏறு பிள்ள. பாத்து ஏறு."

பிள்ளை ஏறியது. தூக்குப்போசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே அவளும் ஏறினாள். நஞ்சப்பன் பக்கம் அவள் திரும்பவில்லை. பஸ் கிளம்பிப் போன பிறகும் அவன் அங்கேயே நின்றான். கிழக்கே, குழி இருக்கிற திசையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அவ்வளவு தூரத்துக்கும் லேசாகக் கேட்டது.